குழாயில் வந்த விலாங்கு மீன்

காலையில் பல் தேய்க்கக் குழாயைத் திறக்கிறீர்கள். கொஞ்சம் தண்ணீர் வருகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. பிளம்பரைக் கூப்பிடுகிறீர்கள். அவர் வந்து குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எதையோ இழுக்கிறார். வெளியே வருவது ஒரு விலாங்கு மீன்!

கிண்டல் இல்லை சார். ஜெர்மனியின் பணக்கார நகரங்களில் ஒன்றான ஹாம்பர்க்கில் 1880-களில் இது சாதாரண சமாசாரம். கார்ல் கிரேப்பலின் என்ற விலங்கியல் அறிஞர், ஊரின் குடிநீர்க் குழாய்களுக்குள் என்னென்ன உயிரினங்கள் குடித்தனம் நடத்துகின்றன என்று ஆராய்ச்சியே செய்தார். மீன், புழு, நத்தை, சிப்பி என்று பட்டியல் நீண்டது. கடலுக்குள் போக வேண்டாம், ஆற்றில் இறங்க வேண்டாம், குழாயைத் திறந்தால் போதும் என்ற நிலைமை.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சிரித்தார்கள். ஜோக் அடித்தார்கள். மீனை எடுத்து வெளியே போட்டுவிட்டு அதே தண்ணீரில் காபி போட்டார்கள்.

கண்ணுக்குத் தெரிகிற மீனே குழாய்க்குள் வர முடியுமென்றால், கண்ணுக்குத் தெரியாதது எதுவெல்லாம் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. சிலர் சொல்லவும் செய்தார்கள். ஆனால், அதற்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி வந்ததும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

நான் பி.காம். படித்தவன். சரித்திரத்தைப் படிக்கும்போதுகூட ராஜா யார், ராணி யார் என்பதைவிட, பில் யார் கட்டினார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்தக் கதையில் பில் கட்டத் தகராறு செய்தவர்கள் வேறு. கடைசியில் கட்டியவர்கள் வேறு.

*

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம்.

எல்பே என்ற பெரிய நதி. அது கடலில் போய்ச் சேர்வதற்கு சுமார் நூறு கிலோமீட்டர் முன்னால் ஹாம்பர்க். கடலுக்கு அவ்வளவு தூரம் இருந்தாலும், கடலின் ஏற்ற இறக்கம் ஆற்றோடு ஏறி ஊர் வரைக்கும் வந்துவிடும். கப்பல்களும் அப்படியே. ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. காபி, சர்க்கரை, தோல், நிலக்கரி எல்லாம் வந்து இறங்கும். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகிறவர்கள் இங்கேதான் கப்பல் ஏறுவார்கள்.

1842 மே மாதம் ஊரில் பெரிய தீ. மூன்று நாட்களுக்கு மேல் எரிந்தது. நகரத்தின் மையப் பகுதியில் கணிசமான பங்கு சாம்பல். அந்தச் சாம்பலிலிருந்து புது ஊர் கட்டும் வேலையில் முக்கியமானவர் வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேய இன்ஜினீயர். ரயில் பாதை போட வந்த மனுஷர். எரிந்த இடத்துக்கு அடியில் பாதாளச் சாக்கடை போட்டுவிடலாம் என்றார். போட்டார். ஐரோப்பியக் கண்டத்திலேயே அந்த மாதிரியான முதல் நவீனச் சாக்கடை அதுதான் என்று பெயர் வாங்கியது.

1848-ல் குழாய்த் தண்ணீரும் வந்தது. ஊருக்குக் கிழக்கே, ஆறு ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, ரோத்தன்பர்க்ஸார்ட் என்ற இடத்தில் தண்ணீரை எடுத்தார்கள். ஊருக்கு மேற்கே, ஆறு வெளியே போகிற பக்கம், சாக்கடையைக் கலந்தார்கள். மேலே நல்ல தண்ணீர், கீழே கழிவு. காகிதத்தில் பார்த்தால் பிரமாதமான ஏற்பாடு.

காகிதத்தில் கடல் அலை இருக்காதே!

கடல் ஏறும்போது ஆறு திரும்பி ஓடும். கீழே விட்ட சாக்கடை மெதுவாக மேலே நகரும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அதைத் தள்ளிவிடும். கோடைக்காலத்தில், ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும்போது, தடுக்க ஆள் கிடையாது. ஊர் வளர வளர சாக்கடையும் வளர்ந்தது. காலையில் ஆற்றில் விட்டதை மாலையில் குழாயில் பிடிக்கும் நிலைமைக்கு ஊர் நெருங்கிக்கொண்டிருந்தது.

சரி, ஃபில்டர்? அதுதான் இல்லை. எடுத்த தண்ணீரைக் குளங்களில் கொஞ்ச நேரம் தேக்கி வைப்பார்கள். மண் அடியில் படியும். மேலே நிற்பதைக் குழாயில் விடுவார்கள். அவ்வளவுதான்.

*

இப்போது பக்கத்து ஊருக்கு வாருங்கள். பெயர் அல்ட்டோனா.

பக்கத்து ஊர் என்றால் பல்லாவரம், தாம்பரம் மாதிரி. எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சில இடங்களில் தெருவுக்கு இந்தப் பக்க வீடுகள் ஹாம்பர்க், எதிர் வரிசை அல்ட்டோனா. ஆனால், நிர்வாகம் வேறு. ஹாம்பர்க் தன்னைத் தானே ஆண்டுகொண்ட சுதந்திர நகரம். அல்ட்டோனா பிரஷ்யாவின் கீழ் இருந்தது.

அல்ட்டோனாவின் நிலைமை இன்னும் மோசம். அது ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. ஹாம்பர்க்கின் சாக்கடை முழுவதும் கலந்த பிறகு, அதற்கும் கீழே போய்த்தான் இவர்கள் தண்ணீர் எடுக்க வேண்டும். ஊரே குளித்துக் கழுவி முடித்த தண்ணீர். வேறு வழியில்லாததால் 1859-லேயே ஒரு காரியம் செய்துவிட்டார்கள். மணல் வடிகட்டி கட்டினார்கள்.

இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய தொட்டி. அடியில் கல், அதற்கு மேல் ஜல்லி, அதற்கு மேல் கெட்டியாக மணல். மேலே தண்ணீரைத் தேக்கினால், மணல் வழியாக மெதுவாக இறங்கி, அடியில் தெளிவாக வரும். நம் பாட்டி வீட்டில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பானை வைத்து மணல், கரி போட்டுத் தண்ணீர் வடித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கினால் அல்ட்டோனா.

ஒரு ரகசியம் மட்டும் உண்டு. புது மணல் பாக்டீரியாவைச் சரியாகப் பிடிக்காது. சில நாட்கள் ஓடிய பிறகு மணலின் மேல்பரப்பில் வழவழவென்று ஒரு பாசிப் படலம் உருவாகும். அந்தப் படலத்தில் வாழ்கிற நுண்ணுயிரிகள்தான் உண்மையான காவல்காரர்கள். தண்ணீரோடு வருகிற கிருமிகளை அவை பிடித்துத் தின்றுவிடும். அழுக்குப் படலம் என்று நாம் முகம் சுளிக்கிற சமாசாரம்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது. அவசரப்பட்டுச் சுரண்டினால் காவல்காரர்களைத் துரத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு மணி நேரத்துக்கு நாலு அங்குலம்தான் தண்ணீர் இறங்க வேண்டும். வேகப்படுத்தினால் காரியம் கெட்டுவிடும்.

அல்ட்டோனா கட்டிய காலத்தில் பாக்டீரியாவால் நோய் வரும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. கலங்கல் தெளிந்தால் சரி என்றுதான் கட்டினார்கள். ஏழை ஊர் செய்ததைப் பணக்கார ஊர் ஏன் செய்யவில்லை?

ஹாம்பர்க் நகரசபையில் மொத்தம் 160 உறுப்பினர்கள். அதில் 40 இடங்கள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு, அதாவது வீட்டு ஓனர்களுக்கு. இன்னொரு 40 நகரத்துப் பெரிய மனிதர்களுக்கு. மீதி 80 இடங்களுக்குத்தான் பொதுத் தேர்தல். அந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட வேண்டுமென்றால் பணம் கட்டிக் குடியுரிமை வாங்கியிருக்க வேண்டும், குறிப்பிட்ட வருமான வரி செலுத்தியிருக்க வேண்டும். ஆறு லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட ஓட்டு இல்லை.

மணல் வடிகட்டி கட்டலாம் என்ற பேச்சு 1870-களிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. வடிகட்டி கட்டினால் செலவு. செலவு என்றால் தண்ணீரை வீணாக்கக் கூடாது. வீணாக்காமல் இருக்க வீட்டுக்கு வீடு மீட்டர். மீட்டர் வந்தால் அதன்படி பணம் கட்ட வேண்டியவர் வீட்டு ஓனர். வாடகைக்கு இருப்பவன் குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கினால் நான் ஏன் கட்ட வேண்டும் என்று ஓனர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். கமிட்டி போட்டார்கள். அறிக்கை வந்தது. இன்னொரு கமிட்டி. வருஷங்கள் ஓடின.

கேட்ட மாதிரி இருக்கிறதா?

ஒருவழியாக 1890-ல் வடிகட்டிக்கு ஒப்புதல் கிடைத்தது. எல்பே நதியின் நடுவே கால்ட்டஹோஃபே என்ற தீவில் வேலை ஆரம்பமானது. 1892 கோடையில் வேலை பாதியில் நின்றுகொண்டிருந்தது.

காலரா அதற்குள் வந்துவிட்டது.

*

அந்த வருஷம் ரஷ்யாவில் காலரா. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஏழை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஹாம்பர்க் வந்து, துறைமுகத்தில் கொட்டகைகளில் தங்கிக் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் கொட்டகைகளின் கழிவும் எல்பேயில்தான் கலந்தது. அவர்கள் மூலம்தான் கிருமி வந்திருக்க வேண்டும் என்பது பலருடைய கணிப்பு. கொளுத்துகிற வெயில். ஆற்றில் தண்ணீர் குறைவு.

ஆகஸ்ட் மாதத்தின் நடுவில், துறைமுகப் பகுதியில் வேலை பார்த்த தொழிலாளர்கள் வாந்தியும் பேதியுமாக விழ ஆரம்பித்தார்கள். டாக்டர்களுக்குச் சந்தேகம். ஆனால், வெளியே சொல்ல முடியுமா? காலரா என்று அறிவித்த மறுநாளே உலகத்தின் எந்தத் துறைமுகமும் ஹாம்பர்க் கப்பலை உள்ளே விடாது. வியாபாரம் படுத்துவிடும். உறுதியாகத் தெரியட்டும், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று அதிகாரிகள் நாட்களைக் கடத்தினார்கள். கிருமி நாட்களைக் கடத்தவில்லை. குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது.

அறிவிப்பு வராத அந்த நாட்களில் கப்பல்களும் கிளம்பின. 'மொராவியா' என்ற கப்பல், ஊரில் நோய் எதுவும் இல்லை என்ற சான்றிதழோடு அமெரிக்கா புறப்பட்டது. நியூயார்க் போய்ச் சேர்வதற்குள் 22 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் குழந்தைகள்.

ஆகஸ்ட் 24-ம் தேதி பெர்லினிலிருந்து ஒரு மனிதர் வந்து இறங்கினார். ராபர்ட் காக்.

இவருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. காச நோய்க் கிருமியைக் கண்டுபிடித்துப் புகழின் உச்சத்தில் இருந்த காக், 1883-ல் காலராவைத் தேடி எகிப்துக்குப் போனார். அங்கே நோய் அடங்கிவிட்டதால், அது நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊருக்கே போய்விடலாம் என்று கல்கத்தா வந்தார். 1884-ல், கமா மாதிரி வளைந்திருக்கும் அந்தக் கிருமியை அங்கேதான் உறுதி செய்தார். ஒரு குளத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு வரிசையாகக் காலரா வர, அந்தக் குளத்துத் தண்ணீரிலேயே கிருமியைப் பிடித்தார். குளிப்பது, துவைப்பது, குடிப்பது எல்லாம் அந்த ஒரே குளத்தில்.

எட்டு வருஷம் கழித்து ஹாம்பர்க்கின் சந்துகளுக்குள் நடக்கிறார். ஒண்டிக் குடித்தனங்கள், இருட்டு, நாற்றம், மாடிப்படிகளில் பிணம். கூட வந்தவர்களிடம், நான் ஐரோப்பாவில் இருக்கிறேன் என்பதையே மறந்துவிடுகிறேன் என்றாராம். பத்திரிகைகளில் வந்து உலகம் முழுக்கப் பரவிய வாசகம் இது. நமக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். ஆனால், அன்றைக்கு அதைக் கேட்டு அவமானப்பட்டவர்கள் ஹாம்பர்க்கின் கனவான்கள்தான்.

அந்த வாரம் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். ஆம்புலன்ஸ் கிடையாது, குதிரை வண்டிகள்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியும் சுடுகாட்டுப் பக்கம் போகிற வண்டியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. பள்ளிகளை மூடினார்கள். துறைமுகம் காலியானது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும். யார் போய்ச் சொல்வது? நகரத்தின் ஆட்சியாளர்களுக்கு ஏழைகள் வசிக்கும் சந்துகளே தெரியாது. அதுவரை எந்தக் கட்சியை விரோதி மாதிரி நடத்தினார்களோ, அந்த சோஷலிஸ்ட் கட்சிக்காரர்களிடமே போய் உதவி கேட்டார்கள். அவர்கள் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள். பீர் கம்பெனிகள் தங்கள் கொப்பரைகளில் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தன. பீர் வண்டியில் வெந்நீர்!

காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்வது சுலபம். ஒரே அறையில் ஆறேழு பேர் இருக்கிற வீட்டில், நாளைக்கு எத்தனை தடவை அடுப்பு மூட்டுவது? நிலக்கரிக்கு யார் காசு கொடுப்பது? பணக்கார வீட்டில் வேலைக்காரி காய்ச்சிக் கொடுத்துவிடுவாள். பிற்பாடு கணக்குப் பார்த்தபோது அது அப்படியே தெரிந்தது. வருமானம் குறையக் குறைய நோயும் சாவும் ஏறிக்கொண்டே போயிருந்தன.

*

கதையின் மிக முக்கியமான இடம் இதுதான். காக் ஊரின் எல்லைக்குப் போனார்.

ஹாம்பர்க்கும் அல்ட்டோனாவும் பிரியும் தெரு. இரு பக்கமும் ஒரே மண், ஒரே காற்று, ஒரே மாதிரியான வீடுகள், ஒரே மாதிரியான ஏழைகள். ஹாம்பர்க் பக்கத்து வரிசையில் வீட்டுக்கு வீடு காலரா. அல்ட்டோனா வரிசையில் இல்லை! நடுவில் ஒரு தெருதான்.

இன்னும் வேடிக்கை. எல்லையில் ஒரு பெரிய குடியிருப்பு. சில நூறு பேர் அதில் இருந்தார்கள். இடம் ஹாம்பர்க்கைச் சேர்ந்தது. ஆனால், ஏதோ குழாய் வசதியை முன்னிட்டு அதற்குத் தண்ணீர் மட்டும் அல்ட்டோனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. சுற்றியுள்ள ஹாம்பர்க் வீடுகளில் காலரா. அந்தக் குடியிருப்பில் ஒருவருக்கும் வரவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் எலிகளை வைத்து இவ்வளவு சுத்தமாக ஒரு பரிசோதனை செய்ய முடியாது. இங்கே விதி அதை மனிதர்களை வைத்துச் செய்துவிட்டது.

மொத்தக் கணக்கு இது. சுமார் பத்து வாரத்தில் ஹாம்பர்க்கில் கிட்டத்தட்ட 17,000 பேருக்குக் காலரா. இறந்தவர்கள் சுமார் 8,600 பேர். இரண்டு பேருக்கு வந்தால் ஒருவர் காலி. அல்ட்டோனாவில் இறந்தவர்கள் முந்நூற்றுச் சொச்சம். ஜனத்தொகையோடு வகுத்துப் பார்த்தால் ஹாம்பர்க்கில் ஆயிரத்துக்குப் பதிமூன்று, பதினான்கு பேர். அல்ட்டோனாவில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம். அந்த இரண்டு பேரிலும் பலர், பகலில் ஹாம்பர்க்குக்கு வேலைக்குப் போய் அங்கே தண்ணீர் குடித்தவர்கள். இத்தனைக்கும் அல்ட்டோனா எடுத்தது இன்னும் அழுக்கான தண்ணீர்!

காக் அதோடு விடவில்லை. அடுத்த குளிர்காலத்தில், 1893-ன் தொடக்கத்தில், அல்ட்டோனாவிலேயே சின்னதாகக் காலரா தலைகாட்டியது. அப்படியானால் வடிகட்டி உதவவில்லையா என்று எதிராளிகள் உற்சாகமானார்கள். காக் தினசரிக் கணக்கு நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு வடிகட்டியிலிருந்தும் வரும் தண்ணீரில் எத்தனை பாக்டீரியா என்று அங்கே எண்ணி எழுதி வைத்திருந்தார்கள். கடுங்குளிரில் வடிகட்டியைச் சுத்தம் செய்யும்போது மணல் உறைந்து, வடிகட்டும் வேலை கெட்டுப் போயிருந்தது. பாக்டீரியா எண்ணிக்கை ஏறியது. நோய் அதன் பின்னாலேயே வந்தது.

இதிலிருந்து பிறந்ததுதான் ஒரு விதி. வடிகட்டி வரும் தண்ணீரில், ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு பாக்டீரியாவுக்கு மேல் இருந்தால் அதை ஊருக்கு விடக் கூடாது. தண்ணீர் சுத்தமா என்பதை கண்ணும் மூக்கும் தீர்மானித்த காலம் அத்தோடு போனது. எண்ணிக்கை தீர்மானிக்க ஆரம்பித்தது. இன்றைக்கு இந்திய நதிகளுக்கு வைத்திருக்கும் அளவுகோலும் இந்த வம்சம்தான். குளிக்கத் தகுந்த ஆறு என்றால், நூறு மில்லி தண்ணீரில் மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியா 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

*

இவ்வளவு ஆதாரத்துக்குப் பிறகும் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரண ஆள் அல்ல. மியூனிக் நகரத்தின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். பொது சுகாதாரம் என்ற துறையையே வளர்த்த மேதை. மியூனிக்கில் சாக்கடையும் நல்ல குடிநீரும் வரக் காரணமாக இருந்தவர். ஆனால், கிருமி மட்டும் இருந்தால் காலரா வராது, அந்த ஊர் மண்ணும் நிலத்தடி நீரும் அதற்குத் தோதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஹாம்பர்க் அதிகாரிகளுக்கு இந்தக் கட்சி ரொம்பப் பிடித்திருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமா? மண்தான் காரணமென்றால் வடிகட்டிக்கு அவசரம் இல்லையே!

1892 அக்டோபர் 7. பெட்டன்கோஃபர் காலராக் கிருமி வளர்த்த திரவத்தை வரவழைத்தார். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக சோடா உப்பையும் கலந்துகொண்டார். மடக்கென்று குடித்தார். வயது 73!

சாகவில்லை. லேசாக வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். பார்த்தீர்களா, நான் சொன்னது சரி என்றார். அவருடைய சிஷ்யர் எமெரிச்சும் குடித்தார். அவர் கொஞ்சம் பலமாகவே அவதிப்பட்டுப் பிழைத்துக்கொண்டார்.

கிருமி உள்ளே போன எல்லோருக்கும் காலரா கடுமையாக வருவதில்லை என்பது இன்று நமக்குத் தெரியும். பெட்டன்கோஃபர் அசாத்திய தைரியசாலி. ஆனால், ஒரு மனிதர் பிழைத்ததை வைத்து 8,600 பேர் செத்ததை அழிக்க முடியுமா? உலகம் காக் பக்கம் போய்விட்டது. 1901-ல், மனம் உடைந்த நிலையில், பெட்டன்கோஃபர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

*

ஹாம்பர்க் என்ன ஆனது?

இருபது வருஷம் இழுத்த வேலை மடமடவென்று நடந்தது. 1893 மே மாதம் கால்ட்டஹோஃபே தீவில் மணல் வடிகட்டிகள் ஓட ஆரம்பித்தன. தண்ணீரைப் பரிசோதிக்கவே ஒரு சுகாதார ஆய்வு நிலையம் வந்தது. 1896-ல் குப்பையை எரிக்கும் ஆலை. அதே வருஷம், குடியுரிமை வாங்கக் கட்ட வேண்டியிருந்த கட்டணமும் போயிற்று. அதற்குப் பிறகு அந்த ஊரில் அப்படியொரு காலரா வரவில்லை.

கணக்குப்பிள்ளை புத்தியோடு இதைப் பார்க்கிறேன். வடிகட்டி கட்டும் செலவை ஹாம்பர்க் மிச்சப்படுத்தியதா? இல்லை. அதே வடிகட்டியை அதே இடத்தில் கட்டத்தான் செய்தார்கள். ஒரு வருஷம் முன்னால் கட்டியிருந்தால் என்ன செலவோ, அதேதான் ஏறக்குறைய ஆகியிருக்கும். மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த இருபது வருஷமும் கடன் ஏறிக்கொண்டேதான் இருந்தது. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் எழுதப்படாத கடன். அது வசூலுக்கு வந்தபோது, மீட்டர் வேண்டாம் என்று வாதாடிய ஓனர்களின் வாசலை விட, ஓட்டே இல்லாத தொழிலாளிகளின் வாசலில்தான் அதிகம் நின்றது.

தூரத்து ஊர் கதை என்று தள்ளிவிடலாமா? மெட்ராஸுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது 1872-ல். செங்குன்றம் ஏரியிலிருந்து வந்த அந்தத் தண்ணீருக்கும் வடிகட்டி கிடையாது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தது 1914-ல். அதற்குக் காரணமான இன்ஜினீயர் பெயர் ஜே.டபிள்யூ.மேட்லி. தி.நகரில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் மேட்லி சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்டு அவர் பெயரைச் சொல்லித் திட்டியிருப்பீர்களே, அவரேதான்!

ஹாம்பர்க்குக்கு 1848-லிருந்து 1893 வரை 45 வருஷம். மெட்ராஸுக்கு 1872-லிருந்து 1914 வரை 42 வருஷம். இரண்டுமே குழாயை முதலில் போட்டுவிட்டு, அதில் வருவது என்ன என்று பிறகு யோசித்த ஊர்கள். 

அல்ட்டோனா இப்போது தனி ஊர் இல்லை. 1937-ல் சட்டம் போட்டு ஹாம்பர்க்கோடு சேர்த்துவிட்டார்கள். 1964-லிருந்து ஹாம்பர்க் குடிப்பதற்கு எல்பே தண்ணீரை எடுப்பதில்லை, முழுக்க நிலத்தடி நீர்தான். கால்ட்டஹோஃபே தீவின் பழைய வடிகட்டிக் குளங்களை இன்று மியூசியமாக வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் பறவைகள் மிதக்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வருகிறார்கள்.

அவர்களைக் கூட்டிப்போகும் டீச்சர் இது எப்போது கட்டியது என்று கேட்டால், 1893 என்று பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடும். 1892-ல் ஏன் இல்லை என்று ஒரு பிள்ளையாவது திருப்பிக் கேட்க வேண்டும். அதற்குப் பதில், மீட்டருக்கு யார் பணம் கட்டுவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான்.